கேட்காமல் கொடுத்த வாக்கு

எனக்கு வீரர்களைப் பிடிக்காது. பழைய இதிகாசங்களில் வருகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். தேரில் ஏறுவார்கள், சங்கு ஊதுவார்கள், ஆளாளுக்கு ஒரு சபதம் போடுவார்கள். அதை நிறைவேற்ற ஊரார் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செத்துப்போவார்கள். இவர்களில் ஒருவராவது மனைவி கேட்ட சாமானை மறக்காமல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதாக எந்தக் கதையிலும் இல்லை. இதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். விரிப்பின் மறுமுனையை வெடுக்கென்று இழுப்பாள். என் கையிலிருந்து துணி நழுவிவிடும்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் அல்ல. நாங்கள் இருவரும் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். கட்டடத்துக்கு அடியில், சன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் ஆள் உயரத் துவைக்கும் மிஷின்கள். நடுவில் ரோலர். ஈரத் துணியை ஒரு பக்கம் ஊட்டினால் சூட்டோடு அழுத்தி, மறுபக்கம் காய்ந்த துணியாகத் தள்ளும். அதற்கு அப்பால் எங்கள் மடிப்பு மேசை. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலக வேண்டும். நாள் முழுக்க இதே நடைதான்.

வாயை மூடிக்கொண்டு செய்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். காலையில் யாராவது ஒரு வீரனைப் பற்றிக் கேள்வி கிளப்ப வேண்டும். துணியோடு கிட்டே வரும்போது ஒருத்தி அவனுக்காகப் பேசுவாள். அடுத்த தடவை கிட்டே வரும்போது மற்றவள் அவனைக் கிழிப்பாள். விலகி நிற்கும்போது பதில் யோசித்துக்கொள்ளலாம். வழக்கு சாயங்காலம்வரை இழுக்கும். கிழிப்பது எப்போதும் நான்தான் என்று சொல்லத் தேவையில்லை.

அக்காவைக் கூடம் முழுவதும் சபதக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கேன்டீன் டீ கழுநீர் மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் சண்டை போட்டு, "இந்த ஆள் கேன்டீன் நடத்துற வரைக்கும் நான் டீயே குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறான். இவள்தான் வீட்டிலும் டீ குடிப்பதில்லை. "கேன்டீன்ல குடிக்க மாட்டேன்னுதானே சொன்ன, வீட்ல என்ன?" என்று கேட்டால், "சொல்லும்போது நான் அப்படிப் பிரிச்சுச் சொல்லலடி" என்பாள். இவளை என்ன செய்வது?

அவள் இங்கே வந்து சேர்ந்ததும் ஒரு கதைதான். வேலை தேடப் போகிறேன் என்று கிளம்பிய கணவன் தேடிக்கொண்டே இருந்துவிட்டான். கைக்குழந்தையோடு சலவைக்கூடத்தின் பின்வாசலில் வந்து நின்றாள். சூப்பர்வைசர் அண்ணன்தான் கதவைத் திறந்தவர். "துணி மடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது. கத்துக்கறேன்" என்றாள். பொய் சொல்லாததற்காகவே எடுத்துக்கொண்டேன் என்று அண்ணன் பிற்பாடு எங்களிடம் சொல்லியிருக்கிறார். தங்க இடம் கிடைக்கும்வரை அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் தாயும் பிள்ளையும் படுத்தார்கள். அண்ணனும் அண்ணியும் தங்கள் தட்டில் இருந்ததைப் பங்கு போட்டார்கள். அந்தக் குழந்தை அந்த வீட்டில்தான் நடக்கப் பழகியது. இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

அதனால்தானோ என்னவோ, அக்காவுக்கு எல்லா வீரர்களிலும் ஒருவன்மேல் தனிப் பிரியம். சபையே பிறப்பைச் சொல்லிச் சிரித்தபோது, எழுந்து வந்து நாட்டைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்த நண்பனுக்காக, அவன் செய்வது அநியாயம் என்று தெரிந்தும், தோற்போம் என்று தெரிந்தும், கடைசிவரை கூட நின்றவன். "சோறு போட்டவனை விட்டுட்டு வராம நின்னான் பாரு, அவன்தான் வீரன்" என்பாள். "அநியாயத்துக்குத் துணை போனவன் எப்படிக்கா வீரன்? அந்த நண்பன்கிட்ட ஒரு தடவையாவது நேருக்கு நேரா, 'டேய், இது தப்பு, நான் வரமாட்டேன்'னு சொல்லியிருந்தா எத்தனை பேர் பிழைச்சிருப்பாங்க?" என்பேன். எங்கள் சண்டை முற்றினால் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு எப்போதும் அக்கா பக்கம். "கொடுத்த வாக்கக் காப்பாத்துறவன் வீரன். மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். நல்ல மனுஷர். அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன்.

ரோலரின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் தெரியாமல் உள்ளே போனால் அந்தக் கம்பியில் பட்டு மிஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். விரல் மட்டுமா படும்? துணி கொஞ்சம் சுருண்டு வந்தாலும் படும், தையல் தடித்திருந்தாலும் படும். நிற்கும், மறுபடி ஓட்ட வேண்டும், மறுபடி நிற்கும். ஊரெல்லாம் காய்ச்சல் பரவி மருத்துவமனை நிரம்பி வழிந்த சமயம் அது. துவைத்த துணி மலையாகக் குவிந்து கிடந்தது. அண்ணன் மேலே போய்விட்டு வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார்.

"அந்தக் கம்பியத் தூக்கிக் கட்டிடும்மா. இன்னைக்கு ஒரு நாள்தான். மேல வார்டுல விரிப்பில்லாம வெறும் மெத்தையில படுத்திருக்காங்க" என்று, ஊட்ட ஆளில்லாமல் ரோலரில் நின்ற அக்காவிடம் சொன்னார். மடிப்பு மேசையில் நின்ற என் காதிலும் விழுந்தது. அக்கா கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, கம்பியைத் தூக்கி இறுக்கமாகக் கட்டினாள். அன்று ரோலர் நிற்காமல் ஓடியது. அந்த ஒரு நாள் மறுநாளும் தொடர்ந்தது, அதற்கடுத்த நாளும் தொடர்ந்தது. வேலை சுளுவாகிவிட்டால் அவிழ்க்க யாருக்கு மனம் வரும்?

ரோலரில் வழக்கமாகத் துணி ஊட்டுகிறவள் அப்போது தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவில் இருந்தாள். மிஷின் இரைச்சலை மீறிப் பாடுவாள் என்பதால் அவள் எங்களுக்குப் பாட்டுக்காரி. லீவு முடிந்து வந்தாள், முகத்தைக் கழுவினாள், மிஷின் முன்னால் நின்றாள். கம்பி கட்டியிருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளை மிஷினில் வெள்ளைப் பட்டை, கண்ணுக்குத் தெரியவும் இல்லை. வழக்கம்போல, கம்பி இருக்கிறது என்ற தைரியத்தில், சுருங்கிய ஓரத்தை விரலால் உள்ளே நீவிவிட்டாள்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. சிவப்புப் பொத்தானை ஓடிப்போய் அழுத்தியது அக்காதான். பாட்டுக்காரியை லிஃப்டில் ஏற்றி அதே மருத்துவமனையின் மேல்மாடிக்குக் கொண்டு போனார்கள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது ரோலரில் அந்தப் பட்டை இல்லை. அண்ணனின் சட்டைப்பை புடைத்திருந்தது.

கம்பி இருந்தும் மிஷின் ஏன் நிற்கவில்லை என்று மேலே கேட்டிருக்கிறார்கள். மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. வேகமாக வேலை முடிய வேண்டும் என்று பாட்டுக்காரியே கம்பியைத் தூக்கிக் கட்டிக்கொண்டாளாம். அப்படியானால் தப்பு அவளுடையது. இழப்பீடு கிடையாது, வைத்தியச் செலவு கிடையாது, வேலையும் கிடையாது. திங்கட்கிழமை விசாரணை, எல்லாரும் வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அன்று அண்ணன் மடிப்பு மேசைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "எனக்கு ஒரு உதவி செய்வியாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

கதைகளில் ராஜாக்கள் இப்படித்தான் மாட்டுவார்கள். "கேள், தருகிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கதைகளிலேயே ஊறிக் கிடந்த என் அக்காவும் அதையேதான் செய்தாள். வேறு எவளாக இருந்தாலும் "என்ன விஷயம்ணே?" என்று கேட்டிருப்பாள்.

"என்ன கேட்டாலும் செய்றேண்ணே. இது வாக்கு."

"கம்பிய அவளே கட்டினதப் பாத்தேன்னு நீ சொல்லணும். உன் வார்த்தைய எல்லாரும் நம்புவாங்க. இல்லன்னா என் வேலை போயிடும். இந்த வயசுல எனக்கு வேற எங்கயும் கிடைக்காதும்மா."

அண்ணன் அவள் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். விரிப்பின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். இருவரும் கிட்டே வராமல் அப்படியே நின்றோம்.

"முடியாதுன்னு சொல்லு. ஓடிப் போய் இப்பவே சொல்லு" என்றேன்.

"வாக்குக் குடுத்துட்டேன்டி."

"என்னன்னு கேக்காமக் குடுத்ததெல்லாம் ஒரு வாக்கா?"

"கேட்டுட்டுக் குடுத்தா அதுக்குப் பேரு வியாபாரம். அந்த மனுஷன் அன்னைக்கு என்கிட்ட என்ன ஏதுன்னு கேட்டுட்டா சோறு போட்டாரு?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பக்கத்திலிருந்த ஈரத் துணி மூட்டையை எட்டி உதைத்தேன். கால்விரல் வீங்கியதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா மேல்மாடிக்குப் போனாள். நானும் கூடவே போனேன். பாட்டுக்காரியின் வலது கை முழங்கைவரை கட்டுக்குள் இருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவள் படுத்திருந்தது நாங்கள் மடித்த விரிப்பில்தான்.

"கம்பி ஏன்க்கா நிக்கல?" என்று கேட்டாள். "நான்தான் ஏதோ தப்பாக் கை வெச்சுட்டேன்போல. படுத்துக்கிட்டு அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எத்தனை தடவை யோசிச்சாலும் சரியாத்தான் வெச்ச மாதிரி இருக்கு."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ சரியாத்தான் வெச்சே. கம்பியத் தூக்கிக் கட்டியிருந்துச்சு. கட்டினவ நான்."

பாட்டுக்காரி தன் கைக்கட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இதைத் திங்கட்கிழமை அங்க வந்து சொல்லுவியாக்கா?"

அக்கா விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். கடைசிப் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தபோது, அவள் முகத்தில் கலக்கம் இல்லை. கேன்டீன்காரனிடம் சண்டை போட்ட அன்று இருந்த அதே முகம்.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீயும் வா" என்றாள்.

"எதுக்கு?"

"போருக்கு முன்னாடி ஒருத்தர் ஆயுதத்தையெல்லாம் கீழ வெச்சிட்டு, நடந்தே எதிரிப் படைக்குள்ள போவாரே. அங்க நிக்கிற பெரியவங்களக் கும்பிட்டு, உங்கள எதிர்த்து நிக்கப் போறேன், அனுமதி குடுங்கன்னு கேப்பாரே."

"அது கதைக்கா! அங்க போய் நின்னா அண்ணன் உன்னைப் பேசிப் பேசியே கரைச்சிருவார். நேரா விசாரணைக்குப் போய்ச் சொல்லிட்டு வா, போதும்."

"அந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு முதுகுக்குப் பின்னால பேச மாட்டேன்" என்றாள். அதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். மூன்றாம் மாடியில் சின்ன வீடு. அண்ணி கதவைத் திறந்து, "வாங்க வாங்க" என்று சிரித்தாள். அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். நாளைக்கு என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. உட்காரச் சொன்னார்கள். அக்கா உட்காரவில்லை. கையைக் கூப்பிக்கொண்டாள்.

"அண்ணே, நாளைக்கு நான் உங்களுக்கு எதிராப் பேசப் போறேன். கட்டினது நான், கட்டச் சொன்னது நீங்கன்னு சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

அண்ணனின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கச் சற்று நேரம் பிடித்தது. "வாக்குக் குடுத்தியேம்மா."

"குடுத்தேன். அதைத் திருப்பிக் குடுங்கண்ணே. கேட்டு வாங்கிட்டுப் போலாம்னுதான் வந்திருக்கேன்."

"குடுக்க மாட்டேன்."

"அப்ப மீறுவேன். வாக்கு மீறினவங்கிற பேரு எனக்கு வரட்டும். நான் ஒருத்திய நம்ப வெச்சு அவ கைய எடுத்துட்டேன். பழியையும் அவ தலையிலேயே போட்டா நான் மனுஷியே இல்லண்ணே."

அண்ணன் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. பின்வாசலில் நின்ற நாளைச் சொன்னார், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஓடியதைச் சொன்னார், யார் வீட்டில் யார் தின்றார்கள் என்று சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அக்கா, "ஆமாண்ணே. உண்மைண்ணே" என்றாள். தலையைக் குனியவில்லை. அண்ணி சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கதைகளில் இந்த இடத்தில் பெரியவர்கள் நெகிழ்ந்துபோய், "வெற்றி உனக்கே" என்று ஆசீர்வாதம் செய்வார்கள். எங்கள் அண்ணன் எங்களை வெளியே அனுப்பிக் கதவைப் படாரென்று சாத்தினார்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் கண்டிப்பான ஒரு அம்மாள். அக்கா எழுந்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

"உங்களுக்கும் சூப்பர்வைசருக்கும் ஏதாவது பகையா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லம்மா. நான் சோறு தின்ன வீடு அது."

"இதைச் சொல்றதால உங்க வேலையே போகலாம். தெரியுமா?"

"தெரியும்மா."

அண்ணன் எழுந்தார். யாரையும் பார்க்காமல், "நான் கட்டச் சொல்லல. அவளாக் கட்டியிருக்கா" என்றார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள் வார்த்தை, அவர் வார்த்தை, அவ்வளவுதான். அக்கா மறுத்துப் பேசவில்லை. தன் பங்கு முடிந்தது என்பதுபோல நேராக உட்கார்ந்திருந்தாள். அந்த நேர் முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழியெல்லாம் இவள்மேல் இறங்கும், இவள் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போவாள், அடுத்த காய்ச்சல் சீசனில் கம்பி மறுபடி மேலே ஏறும். எனக்கும் வீட்டில் சோறு போட வேண்டிய வாய்கள் இருக்கின்றன, நான் எதையும் கேட்கவில்லை என்று சொல்வதாகத்தான் உத்தேசம். ஆனால் எரிச்சல் தாங்கவில்லை.

"நான் கேட்டேன்" என்று எழுந்து நின்றேன். "அண்ணன் கட்டச் சொன்னத நான் என் காதால கேட்டேன். வார்டுல விரிப்பில்லன்னு சொன்னாரு. அதுவும் உண்மைதான், அதையும் சேத்து எழுதிக்கோங்க. இவளை மட்டும் மாட்டி விட்டீங்கன்னா நான் இங்கிருந்து போக மாட்டேன்." கடைசி வாக்கியம் தேவையில்லாதது. கோபத்தில் வந்துவிட்டது.

பாட்டுக்காரிக்கு வைத்தியமும் இழப்பீடும் கிடைத்தன. இப்போது மேலே தொலைபேசி எடுக்கும் வேலையில் இருக்கிறாள். அண்ணனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அக்காவைச் சில வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டு, அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு மறுமுனை பிடிக்க வேறொருத்தி வந்தாள். அவளுக்கு வீரர்களைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது.

வேலைக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனாள். "மன்னிப்புக் கேக்கவா போற?" என்று கேட்டேன். "எதுக்கு மன்னிப்பு? செஞ்சது சரி. அவர் எனக்கு அண்ணன், அதுவும் சரி" என்றாள். கதவுக்கு வெளியே நின்று, "அண்ணே, நான் வந்திருக்கேன். நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுவாள். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. ஒரு நாள் அண்ணி மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்து, "பின்னால பேசியிருந்தா வாயாரத் திட்டி மறந்துட்டிருப்பாராம். நேர்ல வந்து சொல்லிட்டுப் போனியா, திட்டவும் முடியல, மறக்கவும் முடியலங்கிறார்" என்று கிசுகிசுத்துவிட்டுச் சாத்தினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இன்றோடு நிறுத்து என்று சொல்லத்தான் போனேன். அண்ணி கதவைத் திறந்தாள். "அவர் வீட்ல இல்ல" என்றாள். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. அக்காவும் அதைப் பார்த்தாள்.

"பரவாயில்லண்ணி. நான் வந்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் காலை வைத்தாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் அண்ணனின் குரல், யாரிடம் என்றில்லாமல்:

"சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."